ஆடாதோடையில் இரண்டு புள்ளி, சிற்றாடலோடகத்தில் ஒன்று: இதை வைத்து என்ன எழுதலாம்?

கொழிஞ்சாம்பாறை_வேதி கேட்டது:

வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு இரண்டு செடிகளை ஒப்பிடுகிறேன். ஒன்று நம்ம ஆடாதோடை. பொள்ளாச்சிப் பக்கம் வேலியில் ஒடித்த இலை, மொட்டை மாடி வெயிலில் காயவைத்துப் பொடித்தது. இன்னொன்று இங்கே பாலக்காட்டு வைத்தியர்கள் கேட்டு வாங்கும் சிற்றாடலோடகம். கொல்லங்கோட்டுத் தோட்டம் ஒன்றில் பறித்த பச்சை இலை, உடனே நறுக்கி மெத்தனாலில் போட்டது.

இரண்டிலும் 10 கிராம் எடுத்து, 100 மில்லி மெத்தனாலில் 24 மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, வாட்டர் பாத்தில் 80 டிகிரியில் வற்றவைத்தேன். டிஎல்சி (மென்படலப் பிரிப்பு) தட்டு சிலிக்கா ஜெல் 60 எஃப்254. ஓட்டியது குளோரோஃபார்ம்–மெத்தனால் 9:1.

பிரச்சினை இதுதான்:

புள்ளியாக நிற்காமல் அடியிலிருந்து மேல்வரை கோடாக இழுக்கிறது. டிராகண்டார்ஃப் (ஆல்கலாய்டு எனும் நைட்ரஜன் சேர்மங்களைக் காட்டும் வினைபொருள்) தெளித்தால் ஆடாதோடையில் ஆரஞ்சுத் திட்டு இரண்டு, சிற்றாடலோடகத்தில் ஒன்று. இரண்டு திட்டும் ஆடாதோடையின் ஆல்கலாய்டுகளான வாசிசின், வாசிசினோன் என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் "சிற்றாடலோடகத்தில் வாசிசினோன் இல்லை" என்று எழுதலாமா? வேறு கரைப்பானில் டைஎத்தில்அமீன் சேர்த்து ஓட்டிய தட்டில் நிறமே வரவில்லை.

ஆடாதோடைச் சாறை வெளி லேபில் ஜிசி-எம்எஸ் (ஆவியாக்கிப் பிரித்து நிறை பார்க்கும் சோதனை) கொடுத்தோம். 32 சேர்மம் கொண்ட பட்டியல் வந்தது. ஃபைட்டால், ஹெக்ஸாடெக்கனாயிக் அமிலம், ஸ்குவாலீன், டைஎத்தில் தாலேட் எல்லாம் இருக்கிறது. வாசிசின் மட்டும் இல்லை. வாசிசின் இல்லாத ஆடாதோடையா?

---

சிலிக்காத்தட்டு பதில்:

செடி மாறியதால் புள்ளி மாறியது என்று இப்போதைக்குச் சொல்லவே முடியாது. இரண்டு மாதிரிக்கும் நடுவில் நீங்கள் மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றியிருக்கிறீர்கள்: செடி, உலர்த்தல், எடை. 10 கிராம் பச்சை இலையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். ஆக அந்தப் பக்கம் உண்மையில் இரண்டு, இரண்டரை கிராம் இலைதான் போயிருக்கிறது. இரண்டாவது திட்டு அங்கே இருந்தாலும் டிராகண்டார்ஃப் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இல்லாமல் போயிருக்கலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் வெயில். வாசிசினின் பென்சீன் வளையத்துக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே ஒரு சிஎச்2 இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இடத்தைத்தான் பிடிக்கும். இரண்டு ஹைட்ரஜன் போய் ஒரு ஆக்சிஜன் வந்து உட்கார்ந்தால் அது கார்பனைல், பெயர் வாசிசினோன். வெயிலும் சூடும் இதை வேகப்படுத்தும். மாடியில் காயவைத்து, அப்புறம் 80 டிகிரியில் திறந்த கிண்ணத்தில் வற்றவைத்தால், அந்த இரண்டாவது திட்டில் செடி தந்தது எவ்வளவு, நீங்கள் செய்தது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே மறுபடி இலை எடுங்கள். ஒரே செடி, ஒரே கிளை, ஒரே வயது இலை. அதை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு பறித்த இடத்திலேயே மெத்தனாலில். ஒரு பங்கு நிழலில், 40 டிகிரி தாண்டாமல். ஒரு பங்கு வெயிலில். நாலாவதாகக் கொஞ்சம் பச்சை இலையை 105 டிகிரி ஓவனில் எடை மாறாத வரை வைத்து ஈரப்பதம் கணக்கிட்டு, எல்லாவற்றையும் உலர் எடைக்கு மாற்றிச் சமமாக ஏற்றுங்கள். சிற்றாடலோடகத்துக்கும் இதே மாதிரி. எல்லாம் ஒரே தட்டில் ஓட வேண்டும். இந்தத் தட்டு ஒன்றே உங்கள் ப்ராஜெக்ட்டின் பாதி.

கோடு இழுப்பதற்குக் காரணம் சிலிக்காவின் அமிலத்தன்மை. வாசிசின் நல்ல காரம், சிலிக்காவின் ஓஎச்-களை விடாமல் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும். கரைப்பானில் ஒரு காரம் கலந்தால் சரியாகிவிடும். எத்தில் அசிடேட்–மெத்தனால்–அடர் அம்மோனியா 8:2:0.2 நன்றாக வேலை செய்யும். வாசிசினோன் வலுக்குறைந்த காரம் என்பதால் இதில் வாசிசினுக்கு மேலே நிற்கும். இந்தக் கலவையைக் காலையில் கலந்து மாலையில் ஓட்டாதீர்கள். அம்மோனியா பறந்துவிடும், எத்தில் அசிடேட்டோடும் மெல்ல வினைபுரியும். ஒரு ஓட்டத்துக்கு ஒரு கலவை. தட்டு ஓட்டும் தொட்டியில் வடிதாள் வைத்து 20 நிமிடம் நிறைவுறவிட்டு அப்புறம் தட்டை இறக்குங்கள். இல்லாவிட்டால் ஓரப் பாதைகள் வில்லாக வளையும்.

ஏற்றும் அளவும் காரணம். பச்சைத்தாரை அப்படியே குத்தினால் பச்சையமும் மெழுகும் பாதையை அடைத்துக்கொள்ளும். மில்லிக்கு 10 மில்லிகிராம் அடர்த்தியில் 5 மைக்ரோலிட்டர், புள்ளியாக இல்லாமல் 8 மில்லிமீட்டர் பட்டையாக வையுங்கள். வாசிசின் ஸ்டாண்டர்ட் (ஒப்பிட வைக்கும் சுத்தப் பொருள்) மில்லிக்கு 1 மில்லிகிராம் போதும்.

நிறம் வராத தட்டுக்கு வருவோம். டிராகண்டார்ஃப் அமிலக் கரைசல். தட்டில் டைஎத்தில்அமீனோ அம்மோனியாவோ மிச்சம் இருந்தால் வினைபொருள் அங்கேயே செத்துவிடும். ஓட்டி முடித்ததும் ஹேர் டிரையரில் வாடை முழுக்கப் போகும்வரை காயவையுங்கள். டைஎத்தில்அமீனுக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும்.

வினைபொருளை நீங்களே செய்வது நல்லது. பிஸ்மத் சப்நைட்ரேட் 0.85 கிராமை 10 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலம், 40 மில்லி தண்ணீரில் கரையுங்கள். வேறு பாத்திரத்தில் 8 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 20 மில்லி தண்ணீர். இரண்டையும் சம அளவில் கலந்தது மூலக் கரைசல். பழுப்பு பாட்டிலில், ஃபிரிட்ஜில் இருக்கட்டும். தெளிக்கும்போது மூலக் கரைசல் 1 மில்லி, அசிட்டிக் அமிலம் 2 மில்லி, தண்ணீர் 10 மில்லி. நீர்த்ததைச் சேமிக்க வேண்டாம். ஆரஞ்சு மங்கிப்போகிறது என்றால் மேலே 5 சதவீத சோடியம் நைட்ரைட் தெளியுங்கள், பழுப்பாக மாறி நிற்கும். தெளிப்பதற்கு முன்பே 254, 366 நானோமீட்டர் இரண்டிலும் பார்த்துப் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

இன்னொன்று: டிராகண்டார்ஃப் ஆரஞ்சு காட்டினால் உடனே ஆல்கலாய்டு என்று எழுதிவிடாதீர்கள். சில கூமரின்களும் சால்கோன்களும்கூட ஆரஞ்சு தரும். புரதமும் ஏமாற்றும்.

---

வேலந்தாவளம்_வேலியோரம் பதில்:

வேதியியலுக்குள் போகும் முன் செடியை உறுதி பண்ணியாச்சாங்க? "சிற்றாடலோடகம்" என்று தோட்டக்காரர் சொன்னது போதாது. கேரளத்தில் அந்தப் பெயருக்கு உரியது ஜஸ்டிசியா பெட்டோமி. நம்ம ஆடாதோடை ஜஸ்டிசியா அடாதோடா. பழைய புத்தகங்களில் அடாதோடா வாசிகா, அடாதோடா சைலானிகா என்றெல்லாம் இருப்பதும் இதுவேதான். இலை சிறியதாக இருப்பதை மட்டும் நம்பக்கூடாது. அடிக்கடி ஒடிக்கும் வேலி ஆடாதோடையும், தண்ணீர் கிடைக்காத செடியும் சின்ன இலைதான் விடும்.

பூவோடு கூடிய கிளையைப் பறித்து அழுத்தி உலர்த்தி வவுச்சர் (எண்ணிட்ட சான்று மாதிரி) போடுங்கள். கோவையில் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே. அங்குள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கேரளப் பக்கம் போவதென்றால் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம். வவுச்சர் எண் இல்லாமல் "இந்தச் செடியில் இந்தச் சேர்மம்" என்று எழுதும் எதற்கும் பின்னால் வருபவர்களுக்குப் பயனில்லை.

ஒப்பிடும்போது இலைக்கு இலை, வேருக்கு வேர். கேரளத்துக் கடைகள் பலவற்றில் சிற்றாடலோடகம் என்று கேட்டால் வேர்தான் கட்டித் தருவார்கள்; நம்ம பக்கத்துக் கடையில் ஆடாதோடை என்றால் இலை. இதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி இனவேறுபாடு என்று எழுதினால் வைவா நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடைப்பொடி வாங்கினால் கட்டாயம் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஆடாதோடை இலையோடு பெருமரத்து இலையைக் கலப்பது பழைய வழக்கம். முழு இலையாக இருந்தால் எளிது: ஆடாதோடை இலை விளிம்பு வழவழவென்று ஓடும், பெருமரத்துச் சிற்றிலையில் முரட்டுப் பல் இருக்கும். பொடியானால் இப்படிச் செய்யுங்கள். சிட்டிகைப் பொடியைக் குளோரல் ஹைட்ரேட்டில் இட்டு மெல்லச் சூடாக்கித் தெளியவைத்துப் பாருங்கள். இலைத்துளையைச் சுற்றி இரண்டே துணைச் செல்கள், துளைக்குக் குறுக்காக அமர்ந்திருக்கும். அதோடு நீண்ட, சுருட்டு மாதிரி சிஸ்டோலித் படிகங்கள் தெரியும். சிஸ்டோலித் கால்சியம் கார்பனேட். ஓரத்தில் ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டால் குமிழி விட்டுக் கரைந்துவிடும். அமிலத்தில் நேரடியாக ஸ்லைடு போட்டுவிட்டு "சிஸ்டோலித் இல்லை, கலப்படம்" என்று எழுதுபவர்களும் உண்டு, அதனால் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: இந்தத் துளை அமைப்பும் சிஸ்டோலித்தும் சேர்ந்து இருந்தால் அகாந்தேசியே குடும்பம் என்று தெரியும், அவ்வளவுதான். நிலவேம்பும் அதே குடும்பம், அதிலும் இருக்கும்.

---

நிறைமாலை பதில்:

அந்த 32 பெயர்ப் பட்டியலைத் தயவுசெய்து அப்படியே அத்தியாயம் மூன்றில் ஒட்டாதீர்கள். ஃபைட்டால் பச்சையத்தின் வால். பச்சை இலை எதைக் கொடுத்தாலும் வரும், முருங்கையிலும் வரும், புல்லிலும் வரும். ஹெக்ஸாடெக்கனாயிக் அமிலம் எல்லா உயிரிலும் உள்ள கொழுப்பமிலம். ஸ்குவாலீன் செடியிலும் உண்டு, உங்கள் விரல் ரேகையிலும் உண்டு. டைஎத்தில் தாலேட் என்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பாட்டில், டியூப், கரைப்பான் கேனிலிருந்து வந்த ஆசாமி. நிறைநிரலில் (துண்டுகளின் நிறைகளைக் காட்டும் வரைபடத்தில்) 149 தலைதூக்கி நின்றால் அவர்தான். பட்டியலில் "சைலாக்சேன்" என்று முடியும் பெயர் ஏதாவது இருக்கும் பாருங்கள். அதற்கு 73, 207, 281 என்ற எண்கள் வரும். அது கருவியின் காலம் (column, பிரிக்கும் குழாய்) அல்லது செப்டம் (ஊசி குத்தும் ரப்பர் மூடி) தேய்ந்து வருவது. செடியில் சிலிக்கோன் எண்ணெய் ஊறுவதில்லை!

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி பிளாங்க். இலை போடாமல், அதே மெத்தனால், அதே வடிதாள், அதே கிண்ணம், அதே 24 மணி நேரம். அதையும் ஓட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் வரும் உச்சங்களை அடித்துவிடுங்கள். மிச்சத்துக்கும் நூலகப் பொருத்தம் மட்டும் போதாது. ஆல்கேன் வரிசை ஒன்றை அதே நிபந்தனையில் ஓட்டி, தங்கல் குறியீடு (உச்சம் வரும் நேரத்தை ஆல்கேன்களோடு ஒப்பிட்ட எண்) கணக்கிட்டு, அச்சான மதிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கணினி எப்போதும் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியே தீரும். "தெரியவில்லை" என்று சொல்ல அதற்கு வராது.

வாசிசின் ஏன் வரவில்லை? மூலக்கூறு எடை 188தான், ஜிசியில் போகாத அளவுக்குக் கனமில்லை. ஆனால் காரத்தன்மையும் ஓஎச்-சும் சேர்ந்து இருப்பதால் அழுக்கான லைனரில் (மாதிரி ஆவியாகும் கண்ணாடிக் குழாய்) ஒட்டிக்கொள்ளும், உச்சம் அகன்று தரையோடு தரையாகப் படுத்துவிடும். மேலே கொழுப்பமிலங்கள் மலை மாதிரி நிற்கும்போது கருவி அதை எண்ணுவதே இல்லை. ஆல்கலாய்டுப் பகுதியை மட்டும் தனியே பிரித்துப் புது லைனரில் கொடுத்திருந்தால் கதை வேறு. கிளைகோசைடுகளோ இந்தக் கருவிக்குள் நுழையவே நுழையாது. ஆகவே ஜிசி-எம்எஸ் பட்டியலில் இல்லை என்பது செடியில் இல்லை என்று ஆகாது.

உங்களுக்குப் பொருத்தம் எல்சி-எம்எஸ் (ஆவியாக்காமல் திரவத்திலேயே பிரித்து நிறை பார்ப்பது). சி-18 காலம், தண்ணீரிலும் அசிட்டோநைட்ரைலிலும் 0.1 சதவீத ஃபார்மிக் அமிலம், நேர்மின் முறை. துல்லிய நிறைக் கருவி கிடைத்தால் இந்த எண்களைப் பாருங்கள். புரோட்டான் ஏறிய வாசிசின் 189.1022, தண்ணீர் இழந்த துண்டு 171.0917. வாசிசினோன் 203.0815.

சாதாரணக் குவாட்ருபோல் (துல்லியம் குறைந்த நிறைக் கருவி) 189, 203 என்று மட்டும் காட்டும். வித்தியாசம் 14. பலபேர் உடனே "ஒரு மெத்தில் கூடியிருக்கிறது" என்று எழுதிவிடுவார்கள். மெத்தில் ஏறினால் கூடுவது சிஎச்2, அதாவது 14.016, வர வேண்டியது 203.1179. இரண்டு ஹைட்ரஜன் போய் ஆக்சிஜன் வந்தால் கூடுவது 13.979. இந்த 0.036 வித்தியாசம் துல்லியக் கருவிக்குச் சர்வசாதாரணம். குவாட்ருபோலுக்குத் தெரியாது.

இன்னொரு பொறி 205. வாசிசினோல் என்ற இன்னொரு ஆல்கலாய்டும் ஆடாதோடையில் சொல்லப்படுகிறது. புரோட்டான் ஏறினால் 205.0972. சிக்கல் என்னவென்றால் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்துக்கும் அதே மூலக்கூறு வாய்பாடு, அதே 205.0972. எந்த இலையிலும் டிரிப்டோஃபான் உண்டு. எவ்வளவு துல்லியமான கருவியானாலும் முழு நிறையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. துண்டுகளைப் பாருங்கள்: டிரிப்டோஃபான் அம்மோனியாவை உதிர்த்து 188.0706 தரும், வாசிசினோல் தண்ணீரை உதிர்த்தால் 187.0866. அந்த 188.07-ஐப் பார்த்துவிட்டு "வாசிசினின் மூலக்கூறு எடை 188 ஆச்சே" என்று இன்னொரு குழியில் விழ வேண்டாம்.

எழுதும்போது 2007-ல் மெட்டபாலமிக்ஸ்காரர்கள் வகுத்த நாலு நிலையைப் பின்பற்றுங்கள். ஸ்டாண்டர்டை உங்கள் கருவியிலேயே ஓட்டி, தங்கல் நேரமும் நிரலும் இரண்டுமே ஒத்துப்போனால் மட்டும் முதல் நிலை: இனங்காணப்பட்டது. நிரல் நூலகத்தோடு மட்டும் பொருந்தினால் இரண்டு: உத்தேசமாக. "ஏதோ ஒரு குவினாசோலின்" என்றால் மூன்று. நாலு, தெரியாதது. பட்டியலில் பெயருக்கு நேரே இந்த எண்ணைப் போட்டுவிட்டால் தேர்வாளர் கேட்க வேண்டியதில் பாதி கேட்காமலே போய்விடும்.

---

கொழிஞ்சாம்பாறை_வேதி:

நன்றி சார், நன்றிங்க. இரண்டு மாதிரியையும் வேறு வேறு விதமாக உலர்த்தியது இப்போது புரிகிறது. புது இலை எடுத்து மறுபடி ஆரம்பிக்கிறேன். பூவோடு கிளையும் எடுத்துவிடுகிறேன்.

ஆல்கலாய்டைத் தனியே பிரிக்க அமில–காரப் பிரிப்பு செய்து பார்த்தேன். அம்மோனியா விட்டுக் குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கியதும் மோர் மாதிரி ஆகிவிட்டது, அடுக்கு பிரியவே இல்லை. ஒரு ராத்திரி அப்படியே விட்டுப் பார்த்தும் பாதிதான் பிரிந்தது. மற்றொன்று, வாசிசின் ஸ்டாண்டர்ட் வாங்கத் துறையில் பணமில்லை என்கிறார்கள். ஸ்டாண்டர்ட் இல்லாமல் ஏதாவது செய்ய வழி உண்டா? கடையில் விற்கும் ஆடாதோடை மணப்பாகை ஒப்பீட்டுக்கு ஓட்டலாமா?

---

காரமும்_அமிலமும் பதில்:

மணப்பாகு வேண்டாம். அதில் பாதிக்கு மேல் சர்க்கரை, தட்டில் அடியிலேயே பிசுபிசுவென்று நிற்கும். அதோடு அது காய்ச்சிய சரக்கு. காய்ச்சியதை வைத்துப் பச்சை இலையை ஒப்பிட்டால் பழைய சிக்கல்தான் மறுபடி.

பிரிப்பை இப்படிப் பண்ணிப் பாருங்க. நிழலில் உலர்த்திய பொடி 10 கிராம், மெத்தனால் 100 மில்லி, நடுநடுவே கலக்கி ஊறவைத்து வடிகட்டுங்கள். வற்றவைக்க ரோட்டரி எவாப்பரேட்டர், 40 டிகிரி. அது இல்லையென்றால் ஃபேன் கீழே அகலத் தட்டில், மங்கின இடத்தில் வையுங்கள்; அடுப்பும் வாட்டர் பாத்தும் கூடவே கூடாது. மிஞ்சிய பச்சைத்தாரில் 2 சதவீத சல்ஃபூரிக் அமிலம் 50 மில்லி விட்டுக் கண்ணாடிக் குச்சியால் நன்றாகப் பிசையுங்கள். பச்சையமும் மெழுகும் தாராகக் கிண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆல்கலாய்டு உப்பாகித் தண்ணீருக்கு வந்துவிடும். வடிகட்டிய நீர் தேநீர் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் செலைட் (வடிகட்ட உதவும் தூள்) படுகை வழியே இன்னொரு தடவை. உங்கள் மோருக்கு விதை இங்கேதான்: கலங்கலோடு அடுத்த படிக்குப் போனால் மிதக்கும் தூள்தான் பால்மத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

இந்த அமில நீரை 25 மில்லி ஹெக்சேனால் இரண்டு தடவை கழுவுங்கள். புத்தகங்களில் குளோரோஃபார்மால் கழுவச் சொல்லியிருக்கும், இங்கே அது ஆபத்து. வாசிசினோன் வலுவில்லாத காரம், அமிலத்தில் முழுக்க உப்பாகாது. குளோரோஃபார்மைக் கண்டால் அதோடு போய்விடக்கூடும். கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு "வாசிசினோன் இல்லை" என்று எழுதுவீர்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதிலாகச் சல்ஃபூரிக் சொன்னதற்கும் இதுபோன்ற காரணம்தான்: சில ஆல்கலாய்டுகளின் குளோரைடு உப்பு குளோரோஃபார்மிலேயே கரையும்.

அடுத்து பனிக்கட்டியில் வைத்துச் சொட்டுச் சொட்டாக அம்மோனியா, பிஎச் 9 முதல் 10 வரை. பிறகு குளோரோஃபார்ம் 25 மில்லி வீதம் மூன்று தடவை. குலுக்காதீர்கள். பிரிபுனலைப் படுக்கவைத்து, தொட்டில் ஆட்டுவதுபோல் இரண்டு மூன்று நிமிடம் சாய்த்துச் சாய்த்து ஆட்டினால் போதும். ஆட்டும் முன்பே நீர் அடுக்கில் ஒரு கரண்டி உப்பைக் கரைத்துவிடுங்கள். அப்படியும் நடுவில் மோர் நின்றால் அந்தப் பகுதியை மட்டும் பிடித்துச் சென்ட்ரிஃபியூஜில் போடுங்கள், அல்லது கண்ணாடிப் பஞ்சு வழியே விடுங்கள். மூன்றாவது குளோரோஃபார்மில் ஒரு சொட்டைத் தட்டுத் துண்டில் வைத்து, நன்றாக உலர்த்தி, டிராகண்டார்ஃப் தெளியுங்கள். ஆரஞ்சு வராவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று பொருள். வந்தால் இன்னொரு தடவை.

ராத்திரி முழுக்க விட்டேன் என்றீர்களே, அதைத்தான் செய்யக்கூடாது. கார நிலையில், காற்றோடு, ஒரு ராத்திரி. உப்பு விலகித் தனித்து நிற்கும் வாசிசினுக்கு வாசிசினோன் ஆக இதைவிட வசதி வேண்டாம். அம்மோனியா விட்ட நிமிடத்திலிருந்து குளோரோஃபார்ம் வற்றும்வரை ஒரே மூச்சில் முடியுங்கள். நேரம் போதாது என்றால் அமில நிலையில் நிறுத்தி ஃபிரிட்ஜில் வையுங்கள். கடைசியில் நீரற்ற சோடியம் சல்ஃபேட் போட்டு, வடித்து, 40 டிகிரியில் வற்றவையுங்கள். குளோரோஃபார்ம் வேலை முழுக்கப் புகைப்பெட்டிக்குள்.

ஸ்டாண்டர்ட் விஷயம். துறையில் 5 மில்லிகிராமாவது வாங்கவைக்கப் பாருங்கள், தட்டுகளுக்கு அது தாராளம். கிடைத்தால் மெத்தனாலில் கரைத்துச் சின்னச் சின்னக் குப்பியாகப் பிரித்து இருட்டில் உறைநிலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டிலும் மூன்று பாதை: மாதிரி, ஸ்டாண்டர்ட், இரண்டும் ஒரே இடத்தில் ஏற்றியது. மூன்றாவது பாதையில் புள்ளி பிளக்காமல் ஒன்றாக நிற்க வேண்டும். பிறகு இதே ஆட்டத்தை வேறு கரைப்பானில்: டொலுயீன்–எத்தில் அசிடேட்–டைஎத்தில்அமீன் 7:2:1. இரண்டிலும் ஒன்றாக நின்றால் தைரியமாக எழுதலாம். புத்தகத்து ஆர்எஃப் (கரைப்பான் போன தூரத்தில் புள்ளி போன பங்கு) மதிப்போடு மட்டும் ஒப்பிடாதீர்கள். தட்டின் ஈரமும் அறையின் சூடும் மாறினால் அதுவும் மாறும். பாலக்காட்டு ஆடி மாதக் காற்றில் ஒரு எண் வரும், பங்குனி வெயிலில் வேறு எண் வரும்.

ஸ்டாண்டர்டே கிடைக்கவில்லை என்றால் நீங்களே எடுக்கலாம். காய்ந்த இலையில் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 100 கிராம் இலையில் ஒரு கிராம், அதில் பாதி கைக்கு வந்தாலே ஏராளம். ஆல்கலாய்டுப் பகுதியைச் சிலிக்கா நிரப்பிய காலம் (column) வழியே ஓட்டி, ஒற்றைப் புள்ளி வரும் பகுதிகளைச் சேர்த்து, படிகமாக்குங்கள். உருகுநிலையை மட்டும் வைத்துப் பெயர் சூட்ட முடியாது. வாசிசினும் வாசிசினோனும் 200-க்கும் 212-க்கும் நடுவிலேயே உருகிவிடும். சில மில்லிகிராமை என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) சோதனைக்குக் கொடுங்கள். நுணுக்கமாக எதுவும் வேண்டாம், ஒரே இடம் பார்த்தால் போதும். வாசிசினில் 4.6 பிபிஎம் பக்கத்தில் அந்த சிஎச்2 தெரியும். வாசிசினோனில் அது காணாமல் போய், கார்பனைலுக்குப் பக்கத்து வளைய ஹைட்ரஜன் 8.2, 8.3 வரை மேலேறி நிற்கும்.

உங்கள் ஊர்ப்பக்கத்துச் செய்தி ஒன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வாசிசினை 1888-ல் முதலில் வெளியிட்ட டேவிட் ஹூப்பர், உதகையில் சென்னை மாகாண அரசின் சிங்கோனா வேதியியலாளராக இருந்தவர். என்எம்ஆரும் இல்லை, தட்டும் இல்லை. பிற்பாடு இந்த மூலக்கூறைப் பார்த்துச் செய்ததுதான் மெடிக்கல் ஷாப்பில் விற்கும் புரோம்ஹெக்சினும் ஆம்ப்ராக்சாலும்.

பிரித்தெடுத்த ஆல்கலாய்டை இருமல் என்று சொல்லும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வாசிசின் கருப்பையைச் சுருங்கவைக்கும். இலைக் கஷாயம் வேறு, பிரித்த பொருள் வேறு.

---

சிலிக்காத்தட்டு:

மேலே சொன்னதோடு ஒரு சின்னச் சோதனை. செலவு ஒரே ஒரு சதுரத் தட்டு. இரண்டாவது திட்டு தட்டின் மேலேயே உண்டாகிறதா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும்.

10 சென்டிமீட்டர் சதுரத் தட்டின் இடது கீழ் மூலையில், ஓரங்களிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே, மாதிரியை ஒரே ஒரு புள்ளியாக வையுங்கள். 8:2:0.2 கரைப்பானில் ஓட்டி வெளியே எடுத்துக் காயவையுங்கள். ஒரு மணி நேரம் காற்றில், வெளிச்சத்தில் அப்படியே விடுங்கள். அப்புறம் தட்டை 90 டிகிரி திருப்பி, புதிதாகக் கலந்த அதே கரைப்பானில் இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டு திசையிலும் ஒரே கரைப்பான் என்பதால், மாறாத சேர்மங்கள் எல்லாம் மூலைக்கு மூலை சாய்ந்த ஒரே கோட்டில் விழும். அந்தக் கோட்டை விட்டு விலகி, வாசிசினுக்கு நேராக, வாசிசினோனின் உயரத்தில் ஒரு திட்டு தெரிந்தால் அது முதல் ஓட்டம் முடிந்தபிறகு தட்டிலேயே பிறந்தது. கோட்டின் மேலேயே நிற்கும் வாசிசினோன், தட்டில் ஏற்றும்போதே சாற்றில் இருந்தது.

இதே மாதிரி சுத்த வாசிசினையும் ஒரு தட்டில் ஓட்டுங்கள். கோட்டின் மேலேயே ஸ்டாண்டர்டுக்கும் இரண்டு புள்ளி வந்தால் குப்பி பழசாகிவிட்டது, புதுக் குப்பி எடுங்கள். சாற்றில் இருக்கிறது என்று தெரிந்தபின், அது இலையிலேயே இருந்ததா உலர்த்தலில் வந்ததா என்பதைப் பறித்த இடத்தில் மெத்தனாலில் போட்ட பங்கு சொல்லும். அந்தக் குப்பியை மட்டும் அலுமினியத் தாள் சுற்றி எடுத்து வாருங்கள். கொல்லங்கோட்டிலிருந்து கல்லூரி வரை பஸ் ஜன்னலோரத்தில் வெயில் படக்கூடாது.